இரண்டாவது கட்டத்தில் எழுத வேண்டிய பெயர்

டில்லியில் நான் என்ன படிக்கிறேன் என்பது ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. எனக்கும் பாதிதான் பிடிபட்டிருந்தது. "பொருளாதாரம்" என்று மட்டும் சொன்னால் தப்பித்துவிடலாம். "பேங்க் வேலைக்கா?" என்பார்கள், ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். வாய் சும்மா இராமல் "கூடவே ஸ்பானிஷ் மொழியும் பண்பாடும்" என்று சொல்லிவிட்டால் தொலைந்தேன். தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டே கேட்டார்.

"ரெண்டையும் சேத்துப் படிச்சா என்னவா வருவ? அந்த ஊர் பேங்க்ல போயி உக்காருவியா?"

"தெரியலக்கா."

"தெரியாமயா ரெண்டு நாளு ரயில்ல போற?"

அந்தக் கேள்வியை எக்கனாமிக்ஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். அப்போதே அந்தப் பழக்கம் உண்டு. முன்பக்கமெல்லாம் தேவை, அளிப்பு, வளைகோடு. பின்பக்கமெல்லாம் யார் யாரோ சொன்ன பேச்சு. பரீட்சைக்கு முந்தின நாள் எந்தப் பக்கத்தைப் புரட்டினேன் என்று கேட்காதீர்கள்.

தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தவள் நான். இங்கிலீஷ் நானாகக் கற்றுக்கொண்டது. அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்தபோது டிரங்குப் பெட்டி நிறையப் பழைய ஆங்கில வாரப் பத்திரிகைகளும், முதுகு கிழிந்த அகராதி ஒன்றும் கொண்டுவந்தார். அவைதான் எனக்கு வாத்தியார். எண்பதுகளின் கடைசி அது. பெண்பிள்ளையை மதுரைக்கு அனுப்பவே நாலு பேரிடம் யோசனை கேட்பார்கள். அப்பா டில்லியில் சில வருஷம் இருந்தவர் என்பதால், "டில்லி என்ன, ரயில் ஏறினா அது பாட்டுக்குப் போயிரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அங்கே போய் வரிசையில் நின்றபோதுதான், பொருளாதாரத்தோடு ஏதாவது ஒரு வெளிநாட்டு மொழியையும் அந்த நாட்டின் பண்பாட்டையும் ஜோடியாக எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் இந்தியில் ஏதோ நீளமாகச் சொன்னார். பிரெஞ்சும் ஜெர்மனும் நிரம்பிவிட்டன என்று சொல்லியிருப்பார் போல. கடைசியில் "ஸ்பானிஷ்?" என்று கேட்டது மட்டும் எனக்குப் புரிந்தது. தலையை ஆட்டினேன். அப்படித்தான் அது எனக்கு வந்து சேர்ந்தது.

காலையில் பொருளாதார வகுப்பு. "மற்றவை எல்லாம் மாறாமல் இருந்தால்" என்றுதான் பேராசிரியர் எதையும் ஆரம்பிப்பார். மற்றவை எல்லாம் மாறாமல் இருந்தால் விலை ஏறும்போது தேவை குறையும். மற்றவை எங்கே மாறாமல் இருந்திருக்கின்றன என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார். மதியம் ஸ்பானிஷ். அங்கே எதுவுமே நின்ற இடத்தில் நிற்பதில்லை. மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு, ராத்திரிச் சாப்பாடு பத்து மணிக்கு என்றார் டீச்சர். ஸ்பெயினிலிருந்தே வந்தவர், எங்கள் அம்மா வயது இருக்கும். "அப்படியென்றால் அவர்களுக்குச் சாயங்காலம் எது?" என்று நான் கேட்டதற்கு வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்காமல் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அதனாலேயே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அவர் வருகைப் பதிவு எடுக்கும் விதம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. அவர்கள் ஊரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள். முதலாவது அப்பா வழி, இரண்டாவது அம்மா வழி. கூப்பிடுவது முதலாவதைச் சொல்லி. வடக்கத்திப் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் ஏற்கெனவே இருந்தது. எனக்கு இருந்ததோ ஒரே ஒரு இனிஷியல். அந்த எழுத்தை விரித்து எழுதச் சொன்னார், எழுதினேன். அன்றிலிருந்து தினமும் டீச்சர் வகுப்பில் நின்றுகொண்டு எங்கள் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். முதல் தடவை நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன், அப்பா வந்துவிட்டாரோ என்று. அம்மா வாயிலிருந்து ஒருநாளும் வராத பெயர் அது. அதைத் தோழிகள், "ஏய், பென்சில் இருக்கா?" என்று சேர்த்துச் சொல்லிக் கூப்பிடும்போது எனக்குக் காது கூசும்.

லீவில் வந்து இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா பேண்டேஜ் துணி சுருட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் தறியில் வருகிற அந்த மெல்லிய துணியை வெட்டி வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள், பெண்கள் உட்கார்ந்து சுருட்டித் தருவார்கள். அம்மா கையை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவிய பேரச் சொல்லியா கூப்பிடுதாவ? பொட்டப் பிள்ளையள் எல்லாமா?"

"எல்லாரும்தான்."

"நீ என்னன்னு கேப்ப?"

"உள்ளேன்னு எந்திரிச்சு நிப்பேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கச் செத்த நேரம் ஆனது. நாட்டு வருமானம் என்று ஒரு பாடம் உண்டு, நீ பேண்டேஜ் சுருட்டுவது அதில் சேரும், சோறு பொங்குவது சேராது என்று அன்றைக்கே சொன்னேன். "சேக்க வேண்டாம்னு சொல்லு. கண்ணு பட்டுரும்" என்றாள். அதுவும் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

மூன்றாவது வருஷத்துக்கு ஸ்பெயினில் ஒரு பல்கலைக்கழகத்தில் போய்ப் படிக்க எங்கள் வகுப்பில் இரண்டு பேருக்கு இடம் வந்தது. செலவெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். டீச்சர் என் பெயரையும் கொடுத்தார். ஏன் என்னை என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. சாயங்காலத்தைப் பற்றிக் கேட்டதற்காக இருக்கலாம். விண்ணப்பத்தில் முதல் கட்டத்தில் அப்பா பெயர், இரண்டாவது கட்டத்தில் அம்மா பெயர். அம்மாவுக்கு ஒரு நதியின் பெயர். ரேஷன் கார்டில் இருக்கிறபடி எழுத்துப் பிசகாமல் எழுதினேன். பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அப்பா ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் நகல் வாங்கி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார். அதைப் பிரித்துப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியே தைத்துக் கொடுத்துவிட்டேன். நான் பிறந்ததைப் பற்றி எனக்குத் தெரியாதது அதில் என்ன இருந்துவிடப் போகிறது?

கோடை லீவுக்கு ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளில் டீச்சர் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். விண்ணப்பம் ஸ்பெயினிலிருந்து திரும்பி வந்திருந்தது. பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் என்ற இடத்தை விரலால் காட்டினார். அங்கே நதி இல்லை. ஒரு பூவின் பெயர் இருந்தது.

"இது யார்?" என்றார்.

"தெரியவில்லை."

சான்றிதழையும் ஒரு வெற்று விண்ணப்பத்தையும் என் பக்கம் தள்ளினார். பிறகு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்டார். "உனக்கு இரண்டு அம்மாவா? இருந்தால் கூச்சப்படாமல் சொல்லலாம். எந்த அம்மா பெயரை எழுதுவது என்று மட்டும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். இரண்டு வாரத்துக்குள் சரியான காகிதம் எனக்குத் தபாலில் வந்து சேரவில்லை என்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்."

ரயிலில் இரண்டு நாளும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அம்மாவை யாரும் அந்தப் பூவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அம்மா பிறந்த வன்னியம்பட்டியில் மாமா முதற்கொண்டு எல்லோருக்கும் அவள் "பாப்பா". எங்கள் தெருவில் அவள் "மிலிட்டரிக்காரர் வீட்டம்மா". அப்படியென்றால் அந்தப் பூ யார்? அப்பா டில்லியில் இருந்த வருஷங்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். என் மூக்கு யார் சாயல் என்று ரயில் ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன். எதிரே இருந்த பெரியம்மா ஒருத்தி, "என்னம்மா, கண்ணுல கரி விழுந்துருச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

வீட்டுக்குள் நுழைந்து பையை இறக்கவில்லை. அம்மா துணி சுருட்டிக்கொண்டிருந்தாள். சான்றிதழை நீட்டினேன்.

"யாரும்மா இது?" என்று கேட்டு அந்தப் பெயரைச் சொன்னேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கூட்டத்தில் யாரோ முதுகைத் தட்டிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

"ஒனக்கு யாரு சொன்னா இந்தப் பேர?"

"சர்ட்டிபிகேட்ல இருக்கு. யாரு இது?"

"நான்தாம்ட்டி."

பையை இறக்கி வைத்தேன். உட்கார்ந்தேன். அம்மா சுருட்டிய துணியை மடியில் வைத்துக்கொண்டு, யார் வீட்டுக் கதையையோ சொல்வது போலச் சொன்னாள்.

"எனக்கு எங்க அப்பா வச்ச பேரு அதான். கெட்டிக்கிட்டு இங்க வந்தா, உங்கப்பாவப் பெத்தவியளுக்கும் அதே பேரு. மருமவளத் திட்டணும்னா தம் பேரச் சொல்லியா திட்ட முடியும்? வந்த அன்னைக்கே மாத்திட்டாவ. விளக்கேத்துததுக்குள்ள வேற பேரு."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"யாருகிட்டச் சொல்ல? எல்லா வீட்டுலயும் உள்ளதுதான?"

அப்பாவைப் பெற்றவள் எனக்கு வெறும் பாட்டிதான், பெயர் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சான்றிதழில் பழைய பெயர் வந்த விதமும் அப்போதுதான் விளங்கியது. தலைப்பிரசவம் தாய் வீட்டில். நான் பிறந்தது வன்னியம்பட்டியில். பிறந்ததைப் பதிந்தவர் அம்மாவின் அப்பா. அவருக்குத் தன் மகளின் பெயர் எது என்று தெரியும், அதைச் சொல்லியிருக்கிறார். ராஜபாளையத்தில் நடந்த மாற்றம் அவர் வாய்க்குப் போய்ச் சேரவில்லை. நான் பூவுக்குப் பிறந்து நதியிடம் வளர்ந்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேண்டேஜ் சுருட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அந்த ஊர்ல கல்யாணம் ஆனாலும் பொம்பளைங்க பேரு மாறாதும்மா" என்றேன்.

"மாமியாளுக்கும் மருமவளுக்கும் ஒரே பேரா இருந்தா?"

"அப்பவும் மாறாது."

"அப்பம் எப்பிடித் திட்டுவாவ?" என்று கேட்டாள். கிண்டலில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அப்பாவுக்கு இதில் குழப்பமே இல்லை. மில்லில் செக்யூரிட்டி வேலை முடிந்து வந்தவர், நின்றபடியே கேட்டுவிட்டு, "இது ஒரு மேட்டரா? தாலுகா ஆபீஸ்ல ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு சர்ட்டிபிகேட் குடுப்பான். திங்கக்கிழமை காலம்பர மூணு பேரும் போறோம்" என்றார். உத்தரவு போட்ட மாதிரி இருந்தது. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது.

பஞ்சு மார்க்கெட்டில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது மணி பத்து. கோர்ட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் டைப் மிஷின் வைத்திருந்த பாய் ஒருவரிடம் அப்பா எங்களைக் கூட்டிப் போனார். முதலில் அவர் உறுதிமொழிப் பத்திரம் அடித்துத் தர வேண்டும். அதில் அம்மாவும் அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டரி வக்கீல் முத்திரை வைக்க வேண்டும். அதைக் கொண்டுபோய்த் தாலுகா ஆபீஸில் கொடுத்தால் சான்றிதழ் வரும். பாய் விஷயத்தை ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டார். நாளுக்கு நாலு பெண்களை இப்படி ஒரே ஆளாக ஆக்குகிறவர் போல.

"சரி, எது பேரு, எது 'என்கிற'?" என்றார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. பாய் விளக்கினார். "இன்னது என்கிற இன்னதுன்னு அடிக்கணும் சார். முதல்ல வாரதுதான் நெசப் பேரு. 'என்கிற'வுக்குப் பொறவு வாரது கூப்பிடுத பேரு. எத முன்னால போட?"

"ரேஷன் கார்டுல இருக்கதுதான் பேரு. அத முன்னால போடுங்க பாய்."

பாய் பேப்பரை உருளையில் சொருகினார். இரண்டு எழுத்து அடித்திருப்பார்.

"பொறந்தப்ப வச்சதுதான முன்னால வரும்?" என்றாள் அம்மா.

பாயின் விரல் நின்றது. அப்பா திரும்பினார். நானும் திரும்பினேன். அம்மா யாரையும் பார்க்கவில்லை. டைப் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஒங்க டீச்சர் என்ன சொன்னாவ? எத எழுதணும்னு இருக்கு?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் எது என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். நதியை முன்னால் போட்டால் நான் எழுதிய விண்ணப்பம் அப்படியே நிற்கும். பூவை முன்னால் போட்டால் விண்ணப்பத்தை முதலிலிருந்து எழுத வேண்டும், டீச்சருக்கு நீளமாகக் கடிதம் எழுத வேண்டும், இருக்கிற நாட்களோ குறைவு. ஒன்றை எடுக்கும்போது நாம் விடுகிற இன்னொன்றுதான் எடுத்ததன் உண்மையான விலை என்று வகுப்பில் படித்திருந்தேன். பரீட்சையில் அதற்கு உதாரணம் கொடுத்து முழு மார்க் வாங்கியவள் நான். அந்த மரத்தடியில் அந்தப் பாடம் எனக்கு உதவவில்லை.

"எதுன்னாலும் சரிப்பா. ரேஷன் கார்டுப்படி இருந்தா சுலபம்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் கையெழுத்துப் போடல" என்று அங்கிருந்தே சொன்னாள்.

அவள் கையெழுத்து இல்லாமல் பத்திரம் இல்லை, பத்திரம் இல்லாமல் எனக்கு ஸ்பெயின் இல்லை. அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னை டில்லிக்கு அனுப்பத் தன் வளையலைக் கழற்றிக் கொடுத்தவள். இப்போது இரண்டு பெயர் முன்னே பின்னே போவதற்காக இப்படி உட்கார்ந்திருந்தாள். பாய் எங்கள் பேப்பரை உருவி ஓரமாக வைத்துவிட்டு வேறு ஒருவருக்குப் பட்டா மனு அடிக்க ஆரம்பித்தார். நோட்டரி ஒரு மணிக்குச் சாப்பிடப் போய்விடுவார் என்று மட்டும் சொன்னார்.

அப்பா பெஞ்சுக்குப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். தாழ்த்தினாலும் அது பரேடு குரல்தான், மரத்தடிக்குக் கேட்டது.

"இத்தன வருசம் இல்லாத பேரு இப்ப என்னத்துக்கு?"

"இத்தன வருசம் யாரு கேட்டா? இன்னைக்குத்தான் கேக்காவ. அதுவும் கடலுக்கு அந்தாண்ட இருந்து கேக்காவ."

"பிள்ள படிப்பு கெட்டுரும்."

"கெடாது. நான் சொல்லுத மாதிரி அடிச்சா கெடாது. புதுசா எழுதிப் போட அவளுக்குக் கை இருக்கு."

"அப்பம் இத்தன வருசமும் நான் கூப்பிட்ட பேரு என்ன? அலையஸா?" என்றார் அப்பா. 'என்கிற'வுக்கான அந்த இங்கிலீஷ் வார்த்தையில் அவருக்குக் குரல் கொஞ்சம் உடைந்தது. அவருக்கு அது நிஜமாகவே வலித்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க எப்பக் கூப்பிட்டீய?"

அப்பா மரத்தடிப் பக்கம் திரும்பினார்.

"ஒருக்காச் சொல்லுங்க. எப்பக் கூப்பிட்டீய? 'இந்தா'ம்பீய. 'ஏட்டி'ம்பீய. இவ பொறந்த பொறவு இவ பேரச் சொல்லி என்னையக் கூப்பிடுவீய. மிலிட்டரில இருந்து லெட்டர் போட்டாலும் எங்க அண்ணன் பேருக்குல்லா போடுவீய, உள்ள என்னைய விசாரிச்சு ஒரு வரி. அந்தப் பேர உங்க அம்மா கூப்பிட்டாவ, ரேஷன் கடைக்காரன் கூப்பிட்டான். நீங்க கூப்பிடல."

டைப் மிஷின் சத்தம் நின்றிருந்தது. பட்டா மனுக்காரர்கூடத் தன் வேலையை மறந்து நின்றார். பாய்தான் பேசினார். "சார், நானும் எங்க வீட்டுல 'இந்தாம்மா'தான். அவிய சொல்லவும்தான் யோசிக்கேன். பேரு ஞாபகம் இருக்கு. கூப்பிட்டா திரும்புவாளான்னு தெரியல."

யாராவது சிரித்திருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை. அப்பா டீக்கடைக்காரரிடம் ஒரு டீ சொன்னார். அது வந்ததும் தான் குடிக்காமல் அம்மாவிடம் கொடுத்தார். திரும்ப மரத்தடிக்கு வந்து, பாயைப் பார்க்காமல், தூரத்தில் தெரிந்த கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவ சொல்லுத மாதிரியே அடிங்க."

மணி பன்னிரண்டரை. பாய் கடகடவென்று அடித்தார். இன்னாரின் மகளும் இன்னாரின் மனைவியுமாகிய பூ என்கிற நதி ஆகிய நான். கையெழுத்துப் போடுகிற இடத்தில் புதுச் சிக்கல். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அம்மா அந்தப் பெயரை எழுதியதில்லை. பாய் ஒரு கெட்டுப்போன பேப்பரைக் கொடுத்து எழுதிப் பழகச் சொன்னார். முதல் தடவை ஒரு எழுத்தை விட்டுவிட்டாள். இரண்டாவது தடவை கோடு மேலே ஏறிப் போனது. நாலாவது தடவை நிமிர்ந்து, "இப்பிடித்தான் எழுதுவேன்" என்றாள். யாரும் வேறு மாதிரி எழுதச் சொல்லியிருக்கவில்லை.

நோட்டரி வக்கீல் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டிருந்தார். முறைக்காக அம்மாவிடம் கேட்டார்.

"புருஷன் பேரு என்னம்மா?"

அம்மா என்னைக் காட்டினாள். "டில்லியில இவளக் கூப்பிடுதாவளே, அந்தப் பேரு."

"டில்லியில இவளை எப்படிக் கூப்பிடுதாங்கன்னு எனக்கென்னம்மா தெரியும்?"

அப்பா தன் பெயரைத் தானே சொல்லிக் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது.

தாலுகா ஆபீஸ் சான்றிதழுக்கு மூன்று தடவை அலைந்தோம். ஒருநாள் ஆபீஸர் கேம்ப், ஒருநாள் கிளார்க் லீவு. மூன்றாவது நாள் கையில் கிடைத்தது. டீச்சர் கொடுத்தனுப்பிய வெற்று விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினேன். இரண்டாவது கட்டத்தில் பூ. கூடவே ஸ்பானிஷில் டீச்சருக்கு ஒரு கடிதம். எனக்கு ஒரே அம்மாதான், ஆனால் இரண்டு பெயர், காரணம் என் பாட்டிக்கும் அதே பெயர் என்று எழுதினேன். மருமகளைத் திட்டும் விஷயத்தை அந்த மொழியில் எப்படி எழுதுவது என்று ஒரு சாயங்காலம் முழுக்க அகராதியோடு மல்லுக்கட்டினேன். எழுதியது சரிதானா என்று தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் போஸ்ட் ஆபீஸிலேயே ரிஜிஸ்தர் செய்துவிட்டு, அம்மாவுக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். "எனக்கு எதுக்கு?" என்றாள். சாப்பிட்டாள்.

பிறகு ஒன்றும் வரவில்லை. நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பா அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் பார்த்தேன். அம்மாவைக் கூப்பிட வேண்டியபோது "இந்தா" என்று ஆரம்பித்து நிறுத்திவிடுவார். அடுத்த சொல் வராது. எழுந்து அவள் இருக்கும் இடத்துக்கே போய்விடுவார். வீட்டுக்குள் அவர் அவ்வளவு நடந்து நான் பார்த்ததில்லை. இது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. எதையோ கெடுத்துவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது.

லீவு முடிய நாலு நாள் இருக்கும்போது தபால்காரர் வாசலில் நின்று குழம்பிக்கொண்டிருந்தார். வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய நீளமான உறை. அதில் என் பெயர், அப்பா பெயர், அம்மாவின் பூப்பெயர் மூன்றையும் ஒரே ஆளின் பெயராகச் சேர்த்து அடித்திருந்தார்கள்.

"இம்புட்டு நீளப் பேர்ல இந்தத் தெருவுல ஆளு இல்லையே" என்று சொல்லி, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே போனார். கடைசிப் பெயர் அவர் வாயில் வந்தபோது அம்மா உள்ளேயிருந்து வந்துவிட்டாள். கையெல்லாம் மாவு.

"இருக்கேன். குடுங்க."

"உங்க பேரா? முன்னால மக பேருல்லா இருக்கு?"

"கடைசில இருக்கது நான்."

சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நான் உறைக்குக் கை நீட்டினேன். அம்மா அவசரப்படவில்லை. அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. "எதுட்டி நானு?" என்று கேட்டாள். காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்து, எத்தனை எழுத்து என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அப்பா ஷர்ட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே வந்து அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். பூவின் பெயரை, இங்கிலீஷ் எழுத்தில் இருப்பதை, மெதுவாக வாய்விட்டுப் படித்தார். கூப்பிட்டாரா, படித்தாரா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா திரும்பவில்லை. விரல் மட்டும் அப்படியே நின்றது.

உறையைப் பிரித்தேன். இடம் கிடைத்திருந்தது. சொன்னேன். அப்பா, "போடு!" என்றார். அம்மா என் கன்னத்தில் மாவோடு கை வைத்தாள்.

"கடுதாசிய நீ வச்சுக்க. இந்தக் கவர எனக்குத் தா."

உறையின் பின்பக்கம்தான் அவர்கள் விலாசம் இருந்தது. நான் பதில் போட அது வேண்டும். உறையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அம்மாவே புரிந்துகொண்டாள்.

"பாத்து எழுதிக்கிட்டுத் தா. மாவு படாம எழுது."

நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.